நூல் கொடாதவர் மொழி காப்பாரோ?

மொழியைக் காப்போம் என்று முழங்காத மேடை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அம்மொழியில் அமைந்த நல்ல நூலொன்றைப் பதினைந்து அகவைப் பிள்ளையின் கையில் கொடுத்தவர் எத்துணைப் பேர்? முழக்கம் மலையளவு, கொடையோ தினையளவு! இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பள்ளத்தில் ஒரு தலைமுறையே விழுந்துகொண்டிருக்கின்றது. கோடை விடுமுறை வருந்தோறும் அப்பள்ளம் இன்னும் ஆழமாகின்றது.

கிருட்டிணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் பெருஞ்சாலையில் உள்ள குந்தாரப்பள்ளியைப் பாருங்கள். வெள்ளிக்கிழமைதோறும் அங்குக் கூடும் ஆட்டுச்சந்தையும் மாட்டுச்சந்தையும் பெயர்பெற்றவை. தமிழ்நாட்டாரோடு கருநாடகத்தாரும் ஆந்திரத்தாரும் அங்கு வந்து விலைபேசுவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசும் இடம் அது. சாலையின் இருமருங்கும் மாந்தோப்புகள். தோப்புகளைத் தாண்டினால் குருபரப்பள்ளி, சூளகிரி, ஓசூர் என நீளும் தொழிற்சாலைகள். 1970களில் ஓசூரில் தொழிற்பேட்டை அமைந்தது முதல் அந்நிலத்தின் முகமே மாறிவிட்டது. ஊர்திகள் செய்த இடத்தில் இன்று கைப்பேசி உறுப்புகளும் மின்னூர்திகளும் செய்யப்படுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த ஆணும் பெண்ணும் நேரே பொறியின் முன்போய் நிற்கும் நிலம் அது.

அங்குப் படிக்கும் பிள்ளைக்கு ஏப்பிரல் முடிந்தால் ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு மேல் ஓய்வு. அந்நாள்களில் அவன் என்ன படிக்கின்றான்? தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் பயில்பவனுக்கு ஒரு பட்டியல் கொடுக்கின்றனர். அதில் இங்கிலாந்துச் சிறுவர் துப்பறிவதும் அமெரிக்கச் சிறுவர் நாட்குறிப்பு எழுதுவதும் உண்டு. தமிழ் நூல் ஒன்றுகூட இராது. அரசுப் பள்ளியில் பயில்பவனுக்கோ பெரும்பாலும் பட்டியலே கிடையாது. மாங்காய் பறிக்கும் கூலியும் அடுத்த வகுப்பின் பழைய பாடநூலும் உண்டு. ஒருவனுக்குத் தமிழில்லாத பட்டியல். மற்றவனுக்குப் பட்டியலே இல்லாத தமிழ்! இருவரும் ஒரே முடிவுக்கு வந்து சேர்கின்றனர். தமிழ் என்பது தேர்வுத்தாளில் எழுதி முடித்துத் தொலைக்க வேண்டிய ஒன்று என்பதே அம்முடிவு.

தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக அது மேலேறியது. நன்று, வரவேற்கத்தக்கது. ஆயின் சட்டம் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவந்து நிறுத்தும். பிள்ளையின் உள்ளத்துக்குள் கொண்டுசெல்லாது. ஒருவன் தானே விரும்பி, விளக்கணைக்கும் வரை ஒரு நூலைக் கீழே வைக்காதிருந்தானாயின், அன்றுதான் அந்நூலின் மொழி அவன் மொழியாகும். அந்த ஓர் இரவை எந்தச் சட்டமும் தரமாட்டாது. நூல்தான் தரும், நூலைக் கொடுக்கும் கைதான் தரும்.

இதனை எடுத்துரைத்தால் மூன்று சாக்குகள் முன்வந்து நிற்கும்.

பிள்ளைகள் படிப்பதே இல்லை. கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கின்றனர் என்பது முதற் சாக்கு. படிக்க எதையும் கொடாமலே படிப்பதில்லை என்று பழிப்பது, உலையேற்றாத வீட்டார் பிள்ளைக்குப் பசியில்லை என்பது போன்றதாம். மேலும், பழிக்கப்படும் அக்கைப்பேசிக்குள்ளேயே ஒரு நூலகம் இருக்கின்றது. மறைமலையடிகள், பாவேந்தர், பாவாணர், மயிலை சீனி. வேங்கடசாமி முதலியோர் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல்லாயிரம் நூல்கள் காசின்றிக் கிடைக்கின்றன. இதனைத் தம் பிள்ளைக்குக் காட்டிக்கொடுத்த பெற்றோர் யாவர்? காட்டாதவர்க்குப் பழிக்கும் உரிமை ஏது?

இளையோர்க்கேற்ற நூல்கள் தமிழில் இல்லை என்பது இரண்டாம் சாக்கு. தேடாதவன் கூற்று இது. இதற்கு விடை பின்னே வருகின்றது.

தமிழ் நூல் படித்தால் வேலை கிடைக்குமா என்பது மூன்றாம் சாக்கு. ஓசூர்த் தொழிற்சாலையில் சேரும் இளைஞன் முதல் நாளிலேயே ஒரு தாளில் கையெழுத்திடுகின்றான். பணி எத்துணைத் திங்களுக்கு, கூலியில் பிடித்தம் எவ்வளவு, காயம்பட்டால் பொறுப்பு யாருடையது என்பனவெல்லாம் அத்தாளில் இருக்கும். அதனை வரிவரியாகப் படித்து, ஐயுற்ற இடத்தில் விரல்வைத்துக் கேட்கும் திறம் எங்கிருந்து வரும்? தன் மொழியில் நூறு பக்கத்தைத் தொடர்ந்து படித்து அறியாதவன் பிறமொழியில் நான்கு பக்க ஒப்பந்தத்தைப் படித்துவிடுவானா? படிக்கும் பழக்கம் முதலில் தாய்மொழியில்தான் வேரூன்றும்; அதன் பின்னரே பிறமொழிக்குக் கிளைவிடும். எனவே தமிழ் நூல் படித்தல் வேலைக்கு இடையூறன்று. வேலைசெய்பவன் ஏமாறாமைக்கு அரண்.

இம்மூன்றும் வெளியார் கூறுவன. உள்ளிருந்தே எழும் நான்காவது தடை ஒன்றுண்டு. அது பற்றியும் வெளிப்படையாகப் பேசியாதல் வேண்டும்.

தனித்தமிழ் அன்பர் சிலர், பிள்ளைகளிடம் சொற்பட்டியலையும் இலக்கண நூலையும் மட்டுமே நீட்டுகின்றனர். கதை என்றால் முகஞ்சுளிக்கின்றனர். புதினம் என்றால் காலக்கழிவு என்கின்றனர். ஒரு நூலில் பத்து வடசொல்லைக் கண்டால் நூலையே மூடிவைக்கச் சொல்கின்றனர். இது கொள்கைப் பிடிப்புப் போலத் தோன்றும். ஆனால் இயக்கத்தின் வரலாறு இதனை ஒப்புகின்றதா?

தனித்தமிழ் இயக்கம் 1916இல் எங்ஙனம் பிறந்தது? பல்லாவரத்து வீட்டுத் தோட்டத்தில் மறைமலையடிகள் தம் மகளார் நீலாம்பிகையாரோடு இருந்தபோது வள்ளலார் பாட்டொன்றைப் பாடினார். அதில் வந்த ‘தேகம்’ என்னும் சொல்லினிடத்தில் ‘யாக்கை’ என்றிருப்பின் எத்துணை நன்றாயிருக்கும் என்றார். அங்ஙனமாயின் இனி நாமே தனித்தமிழிற் பேசுவோம் என அம்மகளார் வினவித் தூண்ட, வேதாசலம் மறைமலையானார்; இயக்கம் எழுந்தது. 1903இல் பிறந்த நீலாம்பிகையார்க்கு அன்று அகவை பதின்மூன்று! ஓர் இளம்பெண் ஒரு பாட்டை உணர்ந்து சுவைத்ததன் விளைவே இவ்வியக்கம். அப்பாட்டில் வடசொல் இருந்தது என்பதற்காக அதனை அவர்க்குக் காட்டாமல் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடிகளார் கதையை இகழ்ந்தாரா? அதுவும் இல்லை. ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ (1911), ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ (1921) என இரு புதினங்களை அவரே எழுதினார். முன்னது ஆங்கிலக் கதையொன்றைத் தழுவியது. காளிதாசனின் சாகுந்தலத்தையும் தமிழில் ஆக்கினார். பிறமொழி இலக்கியத்தை அறியாதவர் அல்லர் அவர். அறிந்து, தமிழுக்குக் கொண்டுவந்தவர். இயக்கத் தந்தையே புதினம் எழுதியிருக்க, அவர்வழி நிற்பதாகக் கூறுவோர் புதினத்தைத் தீண்டாமை பாராட்டுவது எவ்வகையிற் பொருந்தும்? நெல்லிற் கல் கிடந்தால் கல்லைப் பொறுக்குவதே உழவன் வழக்கம், நெல்லைக் கொட்டிவிடுவதன்று.

இனி இரண்டாம் சாக்கிற்கு விடை. இளையோர்க்கான நூல்களைத் துறைதுறையாகக் காண்போம்.

முதற்கண் கதை. மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’ 1961இல் சாகித்திய அகாதமியின் பரிசு பெற்றது. இரு நண்பர்கள்; ஒருவன் அழகும் அறிவும் மிக்கவன், ஆயினும் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரியாதவன்; மற்றவன் எளியவன், ஒழுங்குடையவன். பதினாறு அகவையில் நிற்பவனுக்கு இதனினும் நெருக்கமான கதை அரிது. இக்கதையில் நுழைந்தவனுக்கு அடுத்து அவர்தம் ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’ என்னும் மடல் நூல்களைக் கொடுக்கலாம். மூத்தோர் அறிவுரையைச் செவிகொடாத அகவையினர், மடலாக வரும் அறிவுரையைப் படிப்பர். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. அதன் நடை தனித்தமிழ் நடையன்று. எனினும் ஈராயிரம் பக்கத்திற்கு மேற்பட்ட தமிழை இளையோர் தாமே விரும்பிப் படித்து முடிக்கும் நூல் அது. அதனைத் தடுப்பவர், அதே விறுவிறுப்புடன் தூய தமிழில் ஒரு கதை எழுதிக்காட்டிவிட்டுத் தடுப்பாராக!

அடுத்துப் பாட்டு. பாவேந்தரின் ‘இளைஞர் இலக்கியம்’, ‘அழகின் சிரிப்பு’ ஆகியவையும், பெருஞ்சித்திரனாரின் ‘பள்ளிப் பறவைகள்’ தொகுப்பும் இவ்வகவைக்கு ஏற்றவை. தென்மொழியை 1959இல் தொடங்கிய பெருஞ்சித்திரனார், பெரியோர்க்கு மட்டும் எழுதி அமையவில்லை. சிறுவர்க்கென ‘தமிழ்ச்சிட்டு’ என்னும் இதழையும் நடத்தினார். அவர் அறிந்த உண்மையை அவரைப் போற்றுவோர் மறந்துவிடலாகாது. சற்று வளர்ந்தவர்க்குப் புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ உண்டு. 1946இல் வெளிவந்து, 1948இல் அரசால் தடைசெய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கிய நூல் என்று கூறினாலே போதும். தடுக்கப்பட்ட நூலை இளையோர் தாமே தேடிப் படிப்பர்.

மூன்றாவது வரலாறு. குந்தாரப்பள்ளிப் பிள்ளைக்கு இத்துறையில் வாய்த்த பேறு வேறெவர்க்கும் இல்லை. வெள்ளிச் சந்தையில் மாட்டை ஓட்டிச் செல்லும் சிறுவனிடம், இம்மாட்டிற்காகவே அவன் முன்னோர் போரிட்டு மாண்டனர் என்று கூறுக. தகடூர் நாட்டில் ஆநிரை கவர்தலும் மீட்டலும் நடந்ததற்குச் சான்றாக நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. வெட்சி, கரந்தை என்று தேர்வுக்காக அவன் உருப்போட்ட சொற்களெல்லாம் அக்கற்களில் உருவாய் நிற்கும். செங்கத்திற்கு அருகில் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கோவிவன் என்னும் நாய்க்கும் பெருமை செய்கின்றது; தலைவன் இறந்தபின் கள்வரைக் கடித்து அது காவல்நின்றதாம். நாய் வளர்க்கும் எந்தச் சிறுவன் இதனை மறப்பான்? தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலை நூலகத்திற் கேட்டுப் பார்க்கட்டும்.

அம்மாவட்டத்திலேயே உள்ள மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 சனவரியில் வெளிவந்த ‘இரும்பின் தொன்மை’ என்னும் நூல், சிவகளைச் சான்றுகளைக்கொண்டு அதனை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்கே கொண்டுசெல்கின்றது. நாளை பொறியின் முன் நிற்கப்போகும் இளைஞன், இரும்பு தனக்கு அயலார் கற்றுக்கொடுத்த தொழில் என்று எண்ணலாமா? நாலாயிரம் ஆண்டுகட்கு முன் அவன் ஊர்ப்பக்கத்திலேயே இரும்பை ஆண்டவர் இருந்தனர் என்று அறிந்தவன் தலைநிமிர்ந்து வேலைக்குச் செல்வான்.

அதியமானின் தகடூர்ப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாட்டுகளே எஞ்சின. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ (1959) அவ்விழப்பின் அளவைக் காட்டும். படிப்பாரின்றிப் படியெடுப்பாரின்றி நூல்கள் எங்ஙனம் மாண்டன என்பதை அறிந்த இளைஞன், படித்தல் ஏன் ஒரு காவற்றொழில் என்பதையும் உணர்வான்.

நான்காவது சொல்லாய்வு. இது வறண்ட துறை என்பர். எல்லைப்புறப் பிள்ளைக்கு இது விளையாட்டு. சந்தையில் அவன் நாள்தோறும் கேட்கும் கன்னடத்தில், பழைய பகரம் மூச்சொலியாகத் தேய்ந்திருப்பதை அவன் காதே அறியும். பால் ‘ஆலு’ போலவும், புலி ‘உலி’ போலவும், பத்து ‘அத்து’ போலவும் ஒலிக்கும். அங்ஙனமே ‘பள்ளி’யும் அங்கு ‘அள்ளி’ போலாயிற்று. குந்தாரப்பள்ளி, குருபரப்பள்ளி என்னும் ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டே பேருந்திற் செல்பவன், எல்லை தாண்டியதும் அப்பெயரீறு மாறுவதைக் காண்பான். அவனுக்கு ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ (1946) நூலையும், பின்னர்ப் பாவாணரின் சொல்லாராய்ச்சிக் கட்டுரைகளையும் கொடுத்தால், அண்டை வீட்டார் பேசும் மொழி பகைமொழியன்று, தமிழுக்கு உறவுமொழியே என்று தானே தெளிவான். கால்டுவெல் 1856இல் நூலெழுதி நிறுவியதை அவன் சந்தையிலேயே ஆய்ந்து பார்ப்பான். தெலுங்கையோ கன்னடத்தையோ வீட்டில் பேசும் பிள்ளையும் இந்நூலைத் தன்னுடையதாகக் கொள்வான். எல்லையில் பகையின்றித் தமிழ் வளர இதனினும் நல்வழி வேறில்லை.

ஐந்தாவது அறிவியல். பெ.நா. அப்புசாமி (1891–1986) தம் நீண்ட வாழ்நாளில் அறிவியலை எளிய தமிழில் எழுதிக் குவித்தார். பெ. தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது (1954–1968). அதனை அடுத்துச் சிறுவர்க்கெனத் தனியே பத்துத் தொகுதிகள் (1968–1976). செய்திகள் சில பழமையாகியிருக்கலாம். ஆயின் எந்தப் பொருளையும் தமிழிற் சொல்ல முடியும் என்னும் துணிவு பழமையாகாது.

ஆறாவது தன்வரலாறும் செலவு நூலும். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ தலைப்பிலேயே வடசொல் தாங்கியது. எனினும் ஓர் ஏழை மாணவன் ஆசிரியரைத் தேடி அலைந்ததும், ஏட்டுச்சுவடியைத் தேடி ஊரூராய் நடந்ததும் வேறெங்குப் படிக்கக் கிடைக்கும்? காந்தியடிகளைப் பற்றிய படத்திற்காக உலகைச் சுற்றி வந்து, 1940இல் அப்படத்தை வெளியிட்ட ஏ.கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’, ஊரைவிட்டு வேலைக்குச் செல்லவிருக்கும் இளையோர்க்கு உற்ற துணை. ஓய்ந்த வேளையில் புரட்டப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ இருக்கவே இருக்கின்றது. பம்பரமும் சடுகுடுவும் ஆய்வுக்குரிய பொருள்கள் என்று காணும் பிள்ளை, தன் ஊரையே புதுக்கண்ணால் நோக்கத் தொடங்குவான்.

ஆறு துறைகள் காட்டப்பெற்றன. இனியும் நூல் இல்லை என்பார் உளரோ?

உலகில் ஐசுலாந்து என்றொரு சிறு தீவுநாடு உண்டு. அதன் மக்கள்தொகை நான்கு இலக்கத்தை எட்டவில்லை. கிருட்டிணகிரி மாவட்ட மக்களில் நான்கில் ஒரு பங்குகூட இராது. கணிப்பொறிக்கும் தம் பழஞ்சொல் வேரிலிருந்தே பெயர் படைத்துக்கொண்டவர் அவர். வெறுஞ்சொல்லாக்கத்தோடு அவர் நின்றுவிடவில்லை. கிறித்துப் பிறப்பு நாளில் ஒருவர்க்கொருவர் நூலைப் பரிசளிப்பது அந்நாட்டு வழக்கம். ஆண்டின் புதுநூல்கள் பெரும்பாலும் அந்நாளையொட்டியே வெளிவரும். சொல்லை ஆக்குதலும் நூலைக் கொடுத்தலும் அங்கு ஒரே பணியின் இரு கைகள். தமிழரிடம் சொல்லாக்கும் கை இருக்கின்றது. பாவாணர் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலியே அதற்குச் சான்று. நூல் கொடுக்கும் கையோ மடங்கிக் கிடக்கின்றது.

அக்கையை நீட்டுவது எங்ஙனம்? வழி தமிழ்நாட்டிலேயே உண்டு. 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியொன்றில் நூல்களை ஏற்றி ஊரூராய்க் கொண்டுசென்றனர். நூலகம் என்பது கட்டடமன்று, நூலும் படிப்பவனும் கூடும் இடமே என்பதைச் சக்கரத்தின்மேல் ஏற்றிக் காட்டிய செயல் அது. அதே 1931இல்தான் சீர்காழியிற் பிறந்த அரங்கநாதன், நூலகவியலின் ஐந்து நெறிகளை உலகுக்கு வகுத்தளித்தார். அன்று மாட்டுவண்டியால் முடிந்தது, இன்று மாட்டுச்சந்தையில் முடியாதா? வெள்ளிக்கிழமைச் சந்தையில் கயிறும் மணியும் விற்கும் கடைகளின் நடுவே, கோடை முழுதும் ஒரு பாயை விரித்து நாற்பது நூல்களைப் பரப்புக. தந்தையோடு வரும் பிள்ளை ஒன்றை எடுத்துச் செல்லட்டும். அடுத்த வெள்ளியன்று மாற்றிக்கொள்ளட்டும். ஒரு குறிப்பேடு போதும். தண்டம் வேண்டா, தேர்வு வேண்டா, படித்ததைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும் கொடுமை அறவே வேண்டா. பிடிக்காத நூலைப் பாதியில் திருப்பித் தரும் உரிமையும் பிள்ளைக்கு உண்டு. பெண்பிள்ளைகள் சந்தைக்கு வருவது குறைவாதலின், அவர்தம் தெருவிற்கே நூல்கட்டு செல்லவேண்டும். இயக்கத்தைத் தூண்டியவர் ஒரு பெண்பிள்ளை என்பது நினைவிருக்கட்டும்.

அரசையும் கேட்டாதல் வேண்டும். பொது நூலகச் சட்டம் 1948இலேயே இயற்றப்பட்டது. ஊரார் செலுத்தும் வீட்டுவரியோடு நூலகவரியும் சேர்த்தே பெறப்படுகின்றது. வரி செலுத்துபவன் தன் பிள்ளைக்கு நூல் கேட்பது இரப்பன்று, உரிமை. பள்ளி நூலகத்தின் நூல்கள் கோடையில் பூட்டிய பேழைக்குள் கிடப்பதேன்? பிள்ளைக்கு ஓய்வுள்ள திங்களில் பூட்டும், ஓய்வற்ற திங்களில் திறப்பும் என்பது என்ன முறை? விடுமுறைக்கு முன் மாணவர் ஒவ்வொருவர்க்கும் மூன்று நூல்கள் வீட்டிற்குக் கொடுத்தனுப்பும்படி ஊர்தோறும் பெற்றோர் கேட்கவேண்டும். ஒரு நூல் தொலைந்தால் இழப்பு நூறு உருபா. ஒரு தலைமுறை படியாதொழிந்தால் இழப்பை எதனால் அளப்பது?

தமிழன்பர்களே! மேடைக்கும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடும் தொகையில் பத்திலொரு பங்கு இக்கோடையில் நூலாகட்டும். கிருட்டிணகிரியில் மாங்கனிக்குக் காட்சி வைக்கின்றனர். கனி சில நாளில் அழுகும். அதே பருவத்தில் ஒரு பிள்ளையின் கையிற் கொடுத்த நூலோ அவன் மக்கள் காலத்தும் பழுக்கும். எல்லையைக் காப்பது அங்கு நட்ட கல் அன்று. கல்லின் இப்புறத்தே ஒரு பிள்ளை விரும்பிப் படிக்கும் தமிழே. கொடுங்கள், கொடுத்துவிட்டு முழங்குங்கள்!